காலுக்கும் உண்டு தினசரிக் கணக்கு

(நம் சங்கத்தின் ஆண்டுச் சுற்றுலாவில், ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரில் முதல் நாள் இரவு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



இரவுச் சாப்பாடு முடிந்து, நெருப்பு மூட்டி, எல்லோரும் பாட்டுப் பாடலாம் என்று உட்கார்ந்திருக்கும் நேரம் இது. இந்த நேரத்தில் "அரை மணி நேரம் இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன்" என்று நான் கேட்டதும் செயலாளர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்தைந்து வருடம் வங்கியில் கவுண்டரில் உட்கார்ந்தவன். எனக்குத் தெரிந்தது வரவு, செலவு, இருப்பு. ஆனாலும் இன்றிரவே பேச வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நாளைக் காலை நாம் பீமன் மடவு அருவிக்கு நடக்கப் போகிறோம். இரண்டு வருடத்துக்கு முன்பு இதே அருவிக்கு உங்களோடு நடந்துதான் என் வலது கால் இரண்டாவது விரலை இழந்தேன்.

பலருக்கு இது தெரியாது. "காலில் சின்ன ஆபரேஷன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அப்போதே எனக்குச் சுகர் வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சுற்றுலாவுக்கு முதல் நாள் புது கான்வாஸ் ஷூ வாங்கினேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போக வர மூன்று மணி நேரம் பாறையிலும் படியிலும் நடந்தேன். ஷூவுக்குள் மிளகு அளவு கல் ஒன்று எப்போதோ புகுந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வலி என்று ஒன்று இருந்தால்தானே தெரியும்? பஸ்ஸில் திரும்பும்போது என் மனைவி, "என்னங்க, சாக்ஸ் ஏன் ஈரமா இருக்கு?" என்று கேட்டாள். "அருவித் தண்ணி" என்றேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் அது இரத்தம்.

அதற்குப் பிறகும் நான் செய்தது தவறுதான். வலிக்கவில்லையே என்று பத்து நாள் நானே களிம்பு போட்டேன். விரல் கறுத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலிச்சதா?" நான் கொஞ்சம் பெருமையாகவே, "இல்லை சார், வலியே இல்லை" என்றேன். அவர், "அதுதான் பிரச்சினை" என்றார்.

அவர் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, என் பாதத்தின் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. அதனால் புகார் வருவதில்லை. இரண்டு, காலுக்கு வரும் இரத்தம் குறைந்திருக்கிறது. அதனால் காயம் ஆறுவதில்லை. முதலாவது எனக்குப் புரிந்தது. இரண்டாவதைக் கேட்டதும் வங்கிக்காரன் புத்தி விழித்துக்கொண்டது. "குறைந்திருக்கிறது என்று எப்படி சார் சொல்கிறீர்கள்? உள்ளே ஓடுகிற இரத்தத்தை எதை வைத்து அளந்தீர்கள்?" என்று கேட்டேன். படுக்கையில் கிடந்த நாட்களில் அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னதும், பிறகு நானே தேடிப் படித்ததும்தான் இந்தப் பேச்சு.

முதலில், நம் உடம்பில் இரத்தப் பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நம்மிடம் மொத்தம் சுமார் 5 லிட்டர் இரத்தம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் அனுப்புகிறது. அதாவது, மொத்த இருப்பும் நிமிடத்துக்கு ஒரு சுற்று வருகிறது. அதில் உடம்பின் எல்லாத் தசைகளுக்கும் சேர்த்துப் போவது ஏறக்குறைய 1 லிட்டர். தோலுக்கு அரை லிட்டருக்கும் குறைவு.

நாளைக் காலை மலை ஏறும்போது இந்தக் கணக்கு அப்படியே மாறும். நல்ல பயிற்சி உள்ள இளைஞன் முழு மூச்சில் ஓடும்போது இதயம் நிமிடத்துக்கு 20 லிட்டருக்கும் மேல் அனுப்பும். அதில் ஐந்தில் நான்கு பங்கு தசைக்கே போய்விடும். இதே ஆளைக் கடும் வெயிலில் நிறுத்தினால் தோலுக்கு மட்டும் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் வரை போகலாம். உள்ளே இருக்கும் சூட்டைச் சுமந்து வந்து வெளியே விடுவது தோலுக்கு வரும் இரத்தம்தான். அதனால்தான் வெயிலில் முகம் சிவக்கிறது. குளிரில் இதற்கு நேர்மாறு. தோலின் குழாய்கள் சுருங்கி, விரல் நுனிக்கு வரும் இரத்தம் கிட்டத்தட்ட நின்றேபோகும். இப்போது நெருப்புக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பவர்கள் விரலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்கும்.

வங்கியில் ஒரு சூத்திரம் உண்டு. எல்லா வாடிக்கையாளரும் ஒரே நாளில் வந்து பணத்தைக் கேட்டால் எந்த வங்கியாலும் கொடுக்க முடியாது. உடம்பும் அப்படித்தான். தசையும் தோலும் வயிறும் ஒரே நேரத்தில் கதவைத் திறந்துவிட்டால் இதயத்தால் ஈடு கொடுக்க முடியாது. வயிறு முட்டச் சாப்பிட்டு, வெயிலில், வேகமாக மலை ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வருவது இதனால்தான். பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஏறி முடித்ததும் சடாரென்று நின்றுவிடவும் கூடாது. நடக்கும்போது கெண்டைக்கால் சதைதான் இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. நின்றால் அந்த வேலை நிற்கும், இரத்தம் காலிலேயே தங்கும், தலை சுற்றும். மெதுவாக இரண்டு நிமிடம் நடந்து பிறகு நிற்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்? தோலுக்குள், சதைக்குள் ஓடுவதை வெட்டிப் பார்க்காமல் எப்படிக் கணக்குப் போடுவது?

எனக்கு மிகவும் பிடித்தது 1909-இல் அமெரிக்காவில் ஹியூலெட், வான் ஸ்வாலுவென்பர்க் என்ற இருவர் மனிதக் கையில் செய்து காட்டிய முறை. பி.பி. பார்க்கும் பட்டை போன்ற ஒன்றைக் கையின் மேற்பகுதியில் கட்டி, லேசாக, 50 அளவுக்குள் காற்றடிக்கிறார்கள். இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிக்குள் அழுத்தம் இதைவிட அதிகம், அதனால் வரவு நிற்காது. திரும்பிப்போகும் சிரைக்குள் அழுத்தம் குறைவு, அதனால் செலவு நின்றுவிடும். உள்ளே வந்த இரத்தம் வெளியேற முடியாமல் கை வீங்கத் தொடங்கும். அது எவ்வளவு வேகமாக வீங்குகிறது என்று அளந்தால் அதுதான் வரும் இரத்தத்தின் அளவு. பட்டுவாடா கவுண்டரைச் சில வினாடி மூடிவிட்டு, வசூல் கவுண்டரில் பெட்டி எவ்வளவு வேகமாக நிறைகிறது என்று பார்ப்பது மாதிரி. எவ்வளவு எளிமை பாருங்கள்! பெயர்தான் வாயில் நுழையாது, பிளெத்திஸ்மோகிராஃபி. 1953-இல் விட்னி என்பவர், பாதரசம் நிரப்பிய மெல்லிய ரப்பர் குழாயைக் கையைச் சுற்றிக் கட்டி, வீக்கத்தை மின்சாரக் கணக்காக்கினார்.

இப்படி அளந்ததில் முன்கையில் ஓய்வாக இருக்கும்போது 100 மில்லிலிட்டர் திசுவுக்கு நிமிடத்துக்கு 2 முதல் 4 மில்லிலிட்டர்தான் வருகிறது. கையை மூடி மூடித் திறந்து வேலை கொடுத்தால் அது பத்து மடங்குக்கு மேலும் ஏறும். முன்கையில் இருப்பது பெரும்பாலும் தசை, விரலில் இருப்பது தோலும் எலும்பும். அதனால் முன்கையை அளந்தால் தசையின் கணக்கு, விரலை அளந்தால் தோலின் கணக்கு என்று பிரித்துப் பார்த்தார்கள்.

தசைக்கே தனியாக இன்னொரு வழி உண்டு. டென்மார்க்கின் லாசன் 1964-இல் செனான் என்ற வாயுவின் கதிரியக்க வகையை மிகச் சிறிய அளவில் கரைசலாக்கித் தசைக்குள் ஊசியால் வைத்து, அது எவ்வளவு சீக்கிரம் அங்கிருந்து அடித்துச் செல்லப்படுகிறது என்று வெளியிலிருந்து எண்ணினார். ஓடும் வாய்க்காலில் போட்ட மஞ்சள் தூள் சீக்கிரம் மறையும், தேங்கிய குட்டையில் போட்டது அப்படியே நிற்கும். அதே தர்க்கம்தான். டென்மார்க் நாட்டுக்கு இதில் பழைய பெருமையும் உண்டு. வேலை செய்யும் தசைக்குள் மயிரிழைபோன்ற நுண்குழாய்கள் எப்படித் திறந்து மூடுகின்றன என்று காட்டியதற்காக அந்நாட்டு ஆகஸ்ட் க்ரோக் 1920-இல் நோபல் பரிசு பெற்றார்.

தோலுக்கு வருவோம். இதற்கு இப்போதே ஒரு சோதனை செய்யலாம். எல்லோரும் உங்கள் இடது கைக் கட்டைவிரல் நகத்தை ஐந்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். விடுங்கள். வெளுத்த இடம் சிவந்துவிட்டதா? இரண்டு வினாடிக்குள் நிறம் திரும்பினால் நல்லது. குளிரில் இருப்பவர்களுக்குச் சற்றுத் தாமதமாகும். டாக்டர்களும் அவசரப் பிரிவில் இதைச் செய்து பார்ப்பார்கள்.

கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிய கிளிப் ஞாபகம் இருக்கிறதா? அதன் அடிப்படையும் தோலின் இரத்த ஓட்டம்தான். 1930களில் ஹெர்ட்ஸ்மன் என்பவர் தோலின் மீது ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் இரத்தம் வரும்போது ஒளி மங்குவதைப் பதிவு செய்தார். ஜப்பானின் அவோயாகி 1974-இல் அதிலிருந்து ஆக்ஸிஜன் அளவைக் கணக்கிடும் வழியைக் கண்டார். அந்த நாட்களில் ஒருநாள் என் மாமியார் விரலில் கிளிப் 86 காட்டியது, வீடே பதறியது. விரல் ஐஸ் மாதிரி இருந்ததை என் மகள்தான் கவனித்தாள். கையைத் தேய்த்துச் சூடேற்றிப் பார்த்தால் 97. குளிர்ந்த விரலில் துடிப்பு மங்கியதால் கருவிக்குக் கணக்கு வரவில்லை. கருவி காட்டும் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த நிலையில் அளந்தோம் என்றும் பார்க்க வேண்டும் என்று அன்று கற்றேன்.

இப்போது இன்று பிற்பகலுக்கு வருகிறேன். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாக ஏறி வரும்போது காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகத்தில் இறங்கினோம் அல்லவா? 1986-இல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கியைப் பார்த்தோம். நட்சத்திரம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அதன் ஒளியின் நிறம் லேசாக நகர்வதை வைத்துச் சொல்ல முடியும். ஆம்புலன்ஸ் நம்மை நெருங்கும்போது ஒலி கூர்மையாகவும், தாண்டிப் போனதும் மழுங்கலாகவும் கேட்கிறதே, அதே விதி. 1842-இல் ஆஸ்திரியாவின் டாப்ளர் சொன்னது.

அதே விதியைத்தான் டாக்டர்களும் பயன்படுத்துகிறார்கள். 1975-இல் ஸ்டெர்ன் என்பவர் தோலின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சி, உள்ளே நகரும் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்பும் ஒளியில் ஏற்படும் சிறு மாற்றத்தை அளந்தார். தோலில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழம்வரை என்ன நடக்கிறது என்று இது சொல்லும். நட்சத்திரங்கள் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் போகின்றன. நம் நுண்குழாய்களில் சிவப்பணு போவது வினாடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக. இரண்டையும் ஒரே விதி அளக்கிறது. ஒரு குறை உண்டு. லேசர் கருவி இத்தனை மில்லிலிட்டர் என்று சொல்லாது, முன்பைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்றுதான் சொல்லும். ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அது உதவும்.

என் காலில் டாக்டர் வைத்தது லேசர் இல்லை, ஒலி டாப்ளர். பேனா மாதிரி ஒரு கருவி. கணுக்காலில் களிம்பு தடவி வைத்ததும் "உஷ்... உஷ்..." என்று இரத்தம் ஓடும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. கையில் கட்டும் பி.பி. பட்டையைக் கணுக்காலுக்கு மேல் கட்டி, சத்தம் நிற்கும்வரை காற்றடித்து, மெல்ல இறக்கி, மறுபடி சத்தம் கேட்கும் அளவைக் குறித்தார். கணுக்காலில் 96. கையில் 140. 96-ஐ 140-ஆல் வகுத்தால் 0.69. சாதாரணமாக இது 1-க்குச் சற்று மேலோ கீழோ இருக்க வேண்டும். 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் தமனியில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். வலி இல்லாத, ஊசி இல்லாத, பத்து நிமிடச் சோதனை. பதினாறு வருட சுகர்காரன் நான், அதற்கு முன்பு அதைச் செய்துகொண்டதே இல்லை.

இதிலும் ஒரு எச்சரிக்கை. சுகர் பல வருடம் இருப்பவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடும். பட்டை எவ்வளவு அழுத்தினாலும் அமுங்காது. அப்போது கணக்கு 1.4-க்கு மேலே போய் நிற்கும். பார்க்க அமோக லாபம், உள்ளே நஷ்டம். இப்படிப்பட்ட ஐந்தொகைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவர்களுக்குக் கால் பெருவிரலிலும் அழுத்தம் பார்க்கிறார்கள். அது 30-க்குக் கீழே இருந்தால் புண் ஆறுவது மிகவும் கடினம்.

எதனால் இந்த ஓட்டம் கூடுகிறது, குறைகிறது? குளிர், பயம், புகை மூன்றும் தோலின் குழாய்களைச் சுருக்கும். ஒரு சிகரெட் பிடித்த சில நிமிடங்களிலேயே விரலுக்கு வரும் இரத்தம் குறைவதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். நான் பணியில் இருந்தபோது ஒரு நாளைக்கு எட்டு பிடித்தவன், என் 0.69-இல் அதற்கும் பங்கு உண்டு. மது எதிர்ப்பக்கம். தோலின் குழாயை விரித்துவிடும். கதகதப்பாக இருக்கிற மாதிரி தோன்றும், ஆனால் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். குளிருக்காகக் குடிக்கிறேன் என்று இங்கே யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவற்றோடு நாம் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது, அழுத்தம். இதைச் சொல்லும்போது நம் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். இந்த ஜவ்வாது மலையில் வாழும் மலையாளி மக்களே அங்கும் வாழ்கிறார்கள். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களைப் பார்க்கத் தொடங்கினார். தொழுநோய் வந்தால் விரல் அழுகி விழும் என்று ஊரே நம்பிய காலம். அவரும் அவரோடு வேலூரிலும் கரிகிரியிலும் வேலை செய்தவர்களும் கண்டது வேறு. நோய் விரலைத் தின்னவில்லை. நோய் உணர்ச்சியை எடுத்துவிடுகிறது, உணர்ச்சி இல்லாததால் மனிதன் தன்னையறியாமல் காயப்படுத்திக்கொள்கிறான். சுகர்காரர்களின் பாதத்துக்கு இன்று உலகம் முழுவதும் செய்யும் வைத்தியத்தின் ஒரு பெரிய வேர் இங்கேதான் இருக்கிறது. பிறகு 1966-இல் அவர் அமெரிக்காவில் கார்வில் என்ற இடத்துக்குப் போய் இதையே தொடர்ந்தார்.

மரத்துப்போன காலில் புண் மூன்று விதமாக வருகிறது என்று அவர் பிரித்துச் சொன்னார். முதலாவது, ஆணி, கண்ணாடி, முள் குத்துவது. இரண்டாவது, லேசான அழுத்தம், ஆனால் மணிக்கணக்காக. தோலின் நுண்குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் பி.பி. கணக்கில் சுமார் 30-தான். இறுக்கமான ஷூ அதைத் தாண்டி அழுத்தினால் அந்த இடத்தில் இரத்தம் நின்றுவிடும். உணர்ச்சி உள்ளவனுக்கு அரை மணியில் கடிக்கும், கழற்றிவிடுவான். உணர்ச்சி இல்லாதவன் நாள் முழுவதும் போட்டிருப்பான், அந்த இடம் செத்துவிடும். மூன்றாவது, நடுத்தர அழுத்தம், ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை. நடைதான். ஓர் அடி ஒன்றும் செய்யாது. ஐயாயிரம் அடி நடந்தால் அந்த இடம் கொதித்து, இரத்தம் பாய்ந்து, சூடாகி, இன்னும் நடந்தால் உடைந்துவிடும். நம் மாதிரி ஆட்கள் வலித்ததும் அறியாமலேயே நொண்டுவோம், பாதத்தை மாற்றி வைப்போம். மரத்த கால் ஒரே இடத்திலேயே மிதித்துக்கொண்டிருக்கும். என் ஷூவில் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

ஆனால் இந்த மூன்றாவது வகை முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது. புண்ணாவதற்கு முன்பே அந்த இடம் சூடாகிறது. பிராண்ட் பாதத்தைக் கையால் தடவியே சூடான இடத்தைக் கண்டுபிடிப்பாராம். பிறகு கருவிகளாலும் அளந்தார். இன்று டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தைத் தொட்டு அளக்கும்போது வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்து, மறுநாளும் அப்படியே இருந்தால், நடையைக் குறைத்து டாக்டரைப் பார்க்க வேண்டும். கொரோனாவில் வாங்கிய கன் தெர்மாமீட்டர் பரணில் கிடக்கிறதா? அதைத் தோலின் நேரடிச் சூட்டைக் காட்டும் முறைக்கு மாற்றிக்கொண்டால் இதற்கு உதவும். நான் தினமும் இரவு ஆறு இடத்தில் பார்த்து நோட்டில் எழுதுகிறேன்.

ஒரு கால் மட்டும் மற்றதைவிடச் சில்லென்று இருந்தாலும் விடக்கூடாது, அது இரத்தம் வராததன் அடையாளமாக இருக்கலாம். கால் கதகதப்பாக இருக்கிறது என்பதால் எல்லாம் சரி என்றும் நினைக்கக்கூடாது. நரம்பு பழுதான காலில் இரத்தம் நுண்குழாய்க்குப் போகாமல் குறுக்குவழியாகவே திரும்பிவிடும். கால் சூடாக இருக்கும், தோலுக்கு ஊட்டம் இருக்காது.

தசையின் கதைக்கு ஒரு நிமிடம். எனக்கு அந்தச் சுற்றுலாவுக்கு ஒரு வருடம் முன்பிருந்தே, நம் நகர்ப் பிள்ளையார் கோயில் வரை நடந்தால் வலது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். மறுபடி அதே தூரம், மறுபடி பிடிப்பு. வயசு என்று விட்டுவிட்டேன். அது வயசு இல்லை. உட்கார்ந்திருக்கும்போது கேட்கும் இரத்தத்தை அடைப்புள்ள குழாயால் கொடுக்க முடிகிறது. நடக்கும்போது தசை பல மடங்கு கேட்கிறது, கொடுக்க முடியவில்லை. தசை கத்துகிறது. நின்றால் தேவை குறைகிறது, கத்தல் நிற்கிறது. எல்லாக் கால் வலியும் இது இல்லை. ஆனால் ஒரே தூரத்தில் வந்து, நின்றதும் போகும் வலி என்றால் கட்டாயம் காட்ட வேண்டும். ஏனென்றால் அதே அடைப்பு இதயத்திலும் மூளையிலும் இருக்கலாம்.

இதற்கு டாக்டர் கொடுத்த மருந்து மாத்திரைகளோடு நடையும்தான். புண் முழுதாக ஆறிய பிறகு, காலைச் சோதித்து, இதற்கென்று செய்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொன்னார். வலி வரும்வரை நட, நில், வலி போனதும் மறுபடி நட. இப்படி முக்கால் மணி, வாரத்துக்கு மூன்று நாளாவது. மூன்று மாதத்தில் பிள்ளையார் கோயிலில் நின்ற நான் பஸ் நிறுத்தம்வரை நிற்காமல் போகிறேன். சிகரெட் அன்றோடு போனது.

நான் 1980களின் கடைசியில் இந்த மலையில் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். கடன் கொடுத்த மாடு இருக்கிறதா என்று பார்க்க ஃபீல்டு ஆபீசரோடு கிராமம் கிராமமாக நடந்திருக்கிறேன். சாமைக் கொல்லை ஓரமாக நடக்கும்போது முள் குத்தினால் துள்ளுவேன். அன்று எரிச்சலாக இருந்தது. இன்று நினைத்தால், அந்த வலி எவ்வளவு பெரிய காவல்காரன் என்று தெரிகிறது.

அந்தக் கிளையில் மாலையில் ஷட்டரை இறக்கிய பிறகு கேஷை எண்ணுவோம். ஒரு வாடிக்கையாளரும் புகார் சொல்லவில்லை, அதனால் கணக்குச் சரியாகத்தான் இருக்கும் என்று எந்தக் கேஷியரும் வீட்டுக்குப் போனதில்லை. புகார் வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எண்ண வேண்டும். என் காலை நான் பதினாறு வருடம் எண்ணவில்லை. புகார் வராததால் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

இனி, இன்றிரவுக்கும் நாளைக்கும்.

சுகர் உள்ளவர்கள் தயவுசெய்து இந்த நெருப்புக்குப் பக்கத்தில் பாதத்தை நீட்டாதீர்கள். சுடுவது தெரியாது, கொப்புளம்தான் தெரியும். வெந்நீரில் கால் வைப்பதற்கு முன்பும் வீட்டில் வேறு யாரையாவது கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படுக்கும்போது குளிருக்குத் தளர்வான சாக்ஸ் போதும், இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம்.

நாளைக்குப் புது ஷூ யாரும் போட வேண்டாம். புது ஷூவை வீட்டில் முதலில் இரண்டு மணி நேரம் போட்டு, கழற்றி, சிவந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் பழக்க வேண்டும். போடும் முன் தலைகீழாகத் தட்டுங்கள், உள்ளே கைவிட்டுத் தடவுங்கள். அருவியிலும் வெறுங்காலோடு இறங்க வேண்டாம்.

நாளை வழியில் மூன்று இடத்தில் நிற்கப் போகிறோம் என்று செயலாளர் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் ஷூவைக் கழற்றிப் பாதத்தைப் பார்ப்போம். குனிந்து பார்க்க முடியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பாருங்கள். கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன். கூச்சப்பட வேண்டாம். ஒரு கைக்கண்ணாடியும் நான் கொண்டுவந்திருக்கிறேன். கால் ஏற்கனவே மரத்துப்போனவர்கள், புண் இருப்பவர்கள் என்னோடு இங்கேயே தங்கிவிடுங்கள். ஆமாம், நான் நாளைக்கு அருவிக்கு வரவில்லை. அந்தப் பாறைப் பாதை இனி எனக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சமதளத்தில், நல்ல செருப்போடு, என் முக்கால் மணி நடையை நடப்பேன். நீங்கள் திரும்பி வரும்போது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவரும் சாக்ஸைக் கழற்றிக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். கேஷ் டேலி ஆகாமல் இந்தக் கேஷியர் யாரையும் விடமாட்டான்.

ஊருக்குத் திரும்பியதும், சுகர் பத்து வருடத்தைத் தாண்டியவர்கள், சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், கெண்டைக்கால் பிடிப்பவர்கள், கணுக்கால் அழுத்தச் சோதனை ஒருமுறை செய்துகொள்ளுங்கள். உங்கள் எண் என்ன என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு இருந்தால்தான் கவனம் வரும்.